மாநகர சபையின் அன்றாடப் பணிகள்: யாழ்ப்பாணம் மாநகர சபையை முன்வைத்து ஒரு விளக்கம்

உள்ளூராட்சி பற்றிய வினாவுக்கு விடை எழுதும் மாணவர்களுள் அநேகர் ஒரே வாக்கியத்தையே எழுதுகின்றனர். "மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்பன மக்களுக்குப் பல்வேறு சேவைகளை ஆற்றுகின்றன" என்பதே அவ்வாக்கியம். அது பிழையன்று. ஆயினும் அதற்குப் புள்ளி கிடைப்பது அரிது. எந்தச் சேவை, அதனைத் தீர்மானிப்பவர் யார், பணம் எங்கிருந்து வருகின்றது, சேவை கிடைக்காவிடின் எவரிடம் கேட்பது ஆகிய நான்கும் விடையில் இடம்பெறல் வேண்டும். இவற்றை மனனம் செய்வதிலும் பார்க்க ஓர் உண்மையான சபையைக் கண்முன் நிறுத்திப் பார்ப்பது இலகுவானது.

இதற்கு யாழ்ப்பாணம் மாநகர சபையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் கொழும்பைப் போன்று பெரிய நகரமன்று. ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் பரப்பே மாநகர எல்லைக்குள் அடங்கும். துவிச்சக்கர வண்டி உள்ள ஒருவர் ஒரு காலைப் பொழுதில் அதனைச் சுற்றி வந்துவிடலாம். ஆனால் பெரிய நகரமொன்று செய்யவேண்டிய வேலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதுவும் செய்யவேண்டியுள்ளது.

சட்ட அடிப்படை

இலங்கையில் மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. யாழ்ப்பாணம் 1949 இல் மாநகர சபையாகியது. 1987 இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் பின்னர் உள்ளூராட்சி மாகாண சபைக்குரிய விடயமாயிற்று. எனினும் சபைகளின் அமைப்பும் கட்டமைப்பும் மத்திய அரசின் சட்டத்தாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இதுவாகும்.

சபைகளின் எண்ணிக்கையை எழுதும்போது பழைய வழிகாட்டி நூல்களை நம்பவேண்டாம். 2018 இல் 24 மாநகர சபைகள், 41 நகர சபைகள், 276 பிரதேச சபைகள் என மொத்தம் 341 இருந்தன. பின்னர் சில நகர சபைகள் மாநகர சபைகளாகத் தரமுயர்ந்தன. வவுனியா அவற்றுள் ஒன்று. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்ற 339 சபைகளுள் 28 மாநகர சபைகளும் 36 நகர சபைகளும் 275 பிரதேச சபைகளும் அடங்கின. எண்ணை எழுதினால் ஆண்டையும் சேர்த்து எழுதுக.

தெரிவானவர்களும் நியமிக்கப்பட்டவர்களும்

யாழ்ப்பாணம் மாநகரம் 27 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சபை உறுப்பினர்கள் 45 பேர். இவ்விரு எண்களும் தற்செயலானவை அல்ல. இன்றைய கலப்புத் தேர்தல் முறையின்படி 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். 45 இல் 60 வீதம் 27 ஆகும். எஞ்சிய 18 பேர் பட்டியலில் இருந்து வருவர். வாக்காளர் அளிப்பதோ ஒரே வாக்கு. அவ்வாக்கு வட்டார வெற்றியாளரைத் தீர்மானிப்பதோடு, கட்சியின் மொத்த வாக்குக் கணக்கிலும் சேர்கின்றது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் உண்டு.

உறுப்பினர்களின் தலைவர் மாநகர முதல்வர். அவருக்கு அடுத்தவர் பிரதி முதல்வர். நகர சபையிலும் பிரதேச சபையிலும் இப்பதவிகளைத் தவிசாளர், உப தவிசாளர் என்கின்றோம். ஒரு கட்சியோ சுயேச்சைக் குழுவோ அரைவாசி ஆசனங்களைப் பெற்றிருப்பின் அதுவே முதல்வரைப் பெயர் குறிக்கும். எவருக்கும் அரைவாசி கிடைக்காத சபையில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்வர். அவ்வாக்கெடுப்பு பகிரங்கமாகவா இரகசியமாகவா என்பதையும் அவர்களே தீர்மானிப்பர்.

மறுபக்கத்தில் அலுவலகம் உள்ளது. மாநகர ஆணையாளர், கணக்காளர், பொறியியலாளர், சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வருமானப் பரிசோதகர்கள், நூலகர்கள், தீயணைப்பு வீரர்கள், சுகாதாரத் தொழிலாளர்கள் என இப்பட்டியல் நீளும். இவர்கள் தேர்தலில் நின்றவர்கள் அல்லர். சபை கலைந்தாலும் இவர்கள் மறுநாட் காலை வேலைக்கு வருவர். நகர சபையிலும் பிரதேச சபையிலும் ஆணையாளருக்குப் பதிலாகச் செயலாளர் இருப்பார்.

சபை மாதத்துக்கு ஒரு முறையேனும் கூடவேண்டும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அனுப்பப்படும். சென்ற கூட்டத்தின் அறிக்கையை உறுதிப்படுத்துதல், நிதிக் குழு முதலிய குழுக்களின் சிபாரிசுகளை ஆராய்தல், உறுப்பினர்களின் பிரேரணைகள் என அது செல்லும். பத்திரிகைகளில் சபையில் நடந்த வாய்த்தர்க்கமே பெரிதாக வரும். ஆனால் கடைத்தொகுதி ஒன்றைக் குத்தகைக்கு விடுதல், பழுதடைந்த உழவு இயந்திரம் ஒன்றைத் திருத்துதல், ஒழுங்கை ஒன்றுக்கு மின்விளக்குப் போடுதல் போன்றனவே அங்கு அதிகம் தீர்மானிக்கப்படுகின்றன.

காலை வேளை: குப்பை

நகரசபை வேலைகளுள் மக்கள் ஒவ்வொரு நாளும் காண்பது கழிவகற்றலே. விடியும் முன்னரே சுகாதாரத் தொழிலாளர்கள் சந்தை, பஸ் நிலையம், வைத்தியசாலைச் சூழல் ஆகிய இடங்களிற் கூட்டத் தொடங்குகின்றனர். பின்னர் உழவு இயந்திரங்கள் குறித்த நாள்களில் ஒழுங்கைகளுக்குள் வருகின்றன. உக்கும் கழிவு, உக்காக் கழிவு எனப் பிரித்து வைக்குமாறு சபை கேட்கின்றது. வீட்டார் பிரிக்காமல் ஒரே பையிற் கட்டி வைத்தால் யாரோ ஒருவர் தம் கையால் அதனைப் பிரிக்கவேண்டிவரும். இல்லாவிடின் எல்லாம் ஒன்றாகக் கொட்டப்படும்.

கொட்டப்படும் இடம் எங்கே? யாழ்ப்பாண மாநகரின் கழிவு நீண்டகாலமாகக் கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்பட்டு வந்துள்ளது. அது மாநகர எல்லைக்கு வெளியே உள்ளது. இங்குதான் சிந்திக்கவேண்டிய விடயம் ஒன்று உண்டு. குப்பையை உண்டாக்குபவர்கள் ஒரு சபைக்கு வாக்களிக்கின்றனர். புகையையும் நாற்றத்தையும் அனுபவிப்பவர்கள் வேறொரு சபைக்கு வாக்களிக்கின்றனர். கொழும்பிலும் இதே நிலைதான் இருந்தது. கொழும்பு மாநகரின் கழிவு கொலன்னாவைப் பகுதியில் உள்ள மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அக்குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். "திண்மக் கழிவு முகாமைத்துவத்தின் முக்கியத்துவம்" என்று வினா வரும்போது இச்சம்பவத்தை ஆண்டுடன் குறிப்பிடுக.

சோலை வரி: ஒரு கணக்கு

சபையின் சொந்த வருமானத்தில் முதன்மையானது ஆதன வரியாகும். மதிப்பீட்டு வரி எனவும், பேச்சு வழக்கிற் சோலை வரி எனவும் இதனை அழைப்பர். பெயர் மூன்றாயினும் வரி ஒன்றே என்பதை மனதிற் கொள்க. ஒரு முறை வகுப்பில் மாணவி ஒருவர் "எங்கள் வீட்டில் சோலையே இல்லையே, பின் ஏன் கட்டுகின்றோம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இவ்வரி மரத்துக்கோ தோட்டத்துக்கோ அன்று, வீடு, கடை, காணி ஆகிய அசையா ஆதனங்களுக்கே விதிக்கப்படுகின்றது.

வரி எவ்வாறு கணிக்கப்படுகின்றது? வீட்டின் விற்பனை விலையில் அன்று, அதன் ஆண்டுப் பெறுமதியிலேயே வரி விதிக்கப்படும். அவ்வாதனத்தை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகையே ஆண்டுப் பெறுமதிக்கு அடிப்படை. மதிப்பிடுபவர்கள் விலைமதிப்புத் திணைக்களத்தினர். அப்பெறுமதியில் எத்தனை வீதம் வரி என்பதைச் சபை தீர்மானிக்கும்.

உதாரணமாக, ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 24,000 ரூபா என்றும் வரி 10 வீதம் என்றும் கொள்வோம். ஆண்டு வரி 2,400 ரூபா. அது நான்கு காலாண்டுகளாகப் பிரிக்கப்படும். ஆகவே காலாண்டுக்கு 600 ரூபா. முழு ஆண்டுக்குரிய தொகையையும் ஜனவரி 31 இற்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவு உண்டு. எனவே 2,160 ரூபா செலுத்தினால் போதும். அவ்வாறு இயலாதவர்கள் ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்திலும் செலுத்தின் 5 வீதக் கழிவு பெறுவர். அப்போது காலாண்டுக்கு 570 ரூபா, ஆண்டுக்கு 2,280 ரூபா. எதுவும் செலுத்தாது விட்டால் நிலுவையுடன் ஆணைச்செலவும் சேரும். அசையும் பொருள்களைக் கைப்பற்றி விற்கும் அதிகாரமும் சட்டத்தில் உண்டு. (ஜனவரி மாதத்தில் வரி செலுத்தும் இடத்தில் நீண்ட வரிசையைக் கண்டிருப்பீர்கள். காரணம் இந்த 10 வீதமே.)

மதிப்பீடு அதிகம் என்று எண்ணும் உரிமையாளர் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபனை தெரிவிக்கலாம். சபையின் முடிவிலும் திருப்தி இல்லையெனின் நீதிமன்றம் செல்லலாம். பலர் இவ்வுரிமையை அறியாது, வரி அறிவித்தல் வந்த பின் அயலவரிடம் முறையிடுவதோடு நின்றுவிடுகின்றனர்.

மீள்மதிப்பீடு என்பது எந்தச் சபைக்கும் கசப்பான மருந்து. மதிப்பீடு பல ஆண்டுகள் மாற்றப்படாமல் இருந்தால் வரி மிகச் சிறிய தொகையாகவே நின்றுவிடும். அதே காலத்தில் எரிபொருளும் சம்பளமும் உயர்ந்துவிடும். உயர்த்தினாலோ வாக்காளர் கோபம் கொள்வர். போரினால் வீடுகள் இடிந்தும், உரிமையாளர் இடம்பெயர்ந்தும் வெளிநாடு சென்றும் போன ஒரு நகரத்தில் வரி அறிவித்தலை எவரிடம் கொடுப்பது என்பதே பெரும் வினாவாக இருந்தது.

ஆதன வரியைவிட வியாபார உரிமக் கட்டணம், சந்தை மற்றும் கடைத்தொகுதி வாடகை, கேள்விப் பத்திரம் மூலம் விடப்படும் குத்தகைகள், மண்டபக் கட்டணம் என்பனவும் வருமானமாகும். காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும், அப்பிரதேசக் குற்றங்களுக்கான நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபையூடாகச் சபைக்கு வந்து சேரும். ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்க மீளளிப்பும் உண்டு. அது நிறுத்தப்பட்டால் நாட்டிலுள்ள பெரும்பாலான சபைகள் தம் சொந்தக் காலில் நிற்கமாட்டா.

கட்டட அனுமதியும் கிணற்று நீரும்

வீடு கட்ட விரும்புபவர் வரைபடத்தைச் சபைக்குச் சமர்ப்பித்து அனுமதி பெறல் வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் இங்கும் தொடர்புபடுகின்றது. வரைபடத்தைப் பரிசீலிக்கும் குழு வீதிக்கோடு விடப்பட்டுள்ளதா, காற்றோட்டம் உள்ளதா, மழைநீர் எங்கே செல்லும், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் உண்டா என்பவற்றைப் பார்க்கும். கட்டி முடிந்த பின் அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்ற சான்றிதழையும் பெறவேண்டும்.

இதனை வெறும் கடதாசி வேலை என்று எண்ணுவோர் உளர். யாழ்ப்பாணத்தின் நிலவியலை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்துக்கடியில் உள்ள சுண்ணாம்புக் கல்லிடையே தேங்கும் மழைநீரையே கிணறுகள் தருகின்றன. அக்கல் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. எனவே ஒரு வளவில் மலக்குழியிலிருந்து கசிவது அடுத்த வளவின் கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுக்காது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைவிட அதிகமாக இருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. தோட்டங்களில் இடப்படும் உரம் ஒரு காரணம், நெருக்கமாக அமைந்த மலக்குழிகள் மற்றொரு காரணம். நகரில் இரண்டு பரப்புக் காணியை நான்கு துண்டாக்கி நான்கு வீடு கட்டும்போது தூரம் எங்கே மிஞ்சும்? வரைபடத்தை நிராகரிக்கும் உத்தியோகத்தர்மீது கோபம் வருவது இயல்பே. ஆனால் அவர் நிராகரிப்பது அயல் வீட்டுக் குழந்தை குடிக்கும் தண்ணீருக்காகவும் என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

குளங்களும் இதனோடு சேர்ந்தவையே. ஆரியகுளம், புல்லுக்குளம் முதலியன அழகுக்காக மட்டும் உள்ளவை அல்ல. மாரியில் வெள்ளத்தைத் தாங்கி நிலத்தடி நீரை ஊட்டுவன அவை. வாய்க்கால்களிற் குப்பை அடைத்துக்கொண்டால் நீர் குளத்துக்குச் செல்லாது வீட்டுக்குள் வரும். மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவு செய்வதும், மழை தொடங்கியதும் நுளம்பு பெருகும் இடங்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகப் பார்ப்பதும் ஆண்டுதோறும் வரும் வேலைகள்.

இந்த வீதி யாருடையது?

வீதியிற் குழி இருந்தால் எல்லோரும் மாநகர சபையையே திட்டுவர். அது எப்போதும் நியாயமன்று. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே சபையின் பொறுப்பு. ஆகவே யாழ்ப்பாணம்–கண்டி ஏ 9 வீதி நகருக்குள் சென்றாலும் அதன் தார் மாநகர சபையின் பொறுப்பன்று. இவ்வாறே பாடசாலை, பெரிய வைத்தியசாலை, பொலிஸ் ஆகியனவும் சபைக்கு உரியவை அல்ல. பொது நூலகம், சந்தை, மயானம், பூங்கா, தீயணைப்பு ஆகியன சபைக்கு உரியவை. 1981 இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகம் மாநகர சபையின் நூலகமே என்பதைச் சொன்னால் மாணவர் சிலர் வியப்படைகின்றனர். அங்கே உள்ள வாசகர் மேசையும், புதிதாக வாங்கப்படும் நூலும், காவலாளியின் சம்பளமும் சபையின் பாதீட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும்.

நல்லூர்த் திருவிழாக் காலம்

ஆண்டின் மற்றெந்த நாள்களிலும் பார்க்கச் சபை அதிகம் உழைப்பது நல்லூர் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் நடைபெறும் 25 நாள்களிலாகும். திருவிழாவுக்கு முன்னர் கோயிலிலிருந்து காளாஞ்சியும் பத்திரிகையும் மாநகர சபைக்கு மரபுப்படி கையளிக்கப்படும். அதன் பின் வீதித்தடை போடுதல், அடியார் வெறுங்காலுடன் நடக்கவும் அங்கப்பிரதட்சணம் செய்யவும் மணல் பரவுதல், குடிநீர், மலசலகூடம், கடைகளுக்கு இடம் பிரித்துக் கேள்வி கோருதல், உணவுக் கடைகளைப் பரிசோதித்தல், இரவிற் கூட்டுதல் எனப் பணிகள் தொடரும். கடைக் குத்தகையால் வருமானமும் வரும். ஒரு சபையின் வரி வசூலிப்பு, சுகாதாரம், பொறியியல் ஆகிய பகுதிகள் யாவும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இயங்குவதைக் காண விரும்பினால் அங்கே சென்று பார்க்கலாம்.

பாதீடு

அடுத்த ஆண்டுக்குரிய வரவையும் செலவையும் மதிப்பிட்டு, ஆண்டு முடிவதற்குள் சபையின் அங்கீகாரத்தைப் பெறவேண்டியது முதல்வரின் கடமை. வாசிக்கச் சலிப்பூட்டும் ஆவணம் இதுவென்பது உண்மை. ஆயினும் முதல்வரின் பதவியே அதில் தங்கியுள்ளது. 2012 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உள்ளூர் அதிகாரசபைகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, பதவிக்காலத்தின் முதலிரு ஆண்டுகளிற் பாதீடு தோல்வியடைந்தாலும் முதல்வர் பதவியிழப்பதில்லை. அதன் பின்னர் இரு தடவை தோற்கடிக்கப்பட்டால் அவர் பதவி விலகியவராகக் கருதப்படுவார். 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணம் மாநகர சபையில் இவ்வாறே நடந்தது. 2021 இற்கான பாதீடு இரண்டாம் முறையும் தோல்வியடைய முதல்வர் பதவியிழந்தார். அம்மாத இறுதியில் நடைபெற்ற புதிய தெரிவில் வெற்றி பெற்றவருக்கு 21 வாக்குகளும் பதவியிழந்தவருக்கு 20 வாக்குகளும் கிடைத்தன. 45 பேர் கொண்ட சபையில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசம்.

சபை இல்லாத காலம்

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. 2023 மார்ச் 9 இல் நடைபெறவிருந்த தேர்தல் நிதி விடுவிக்கப்படாமையால் நடைபெறவில்லை. இதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 இல் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். யாழ்ப்பாணத்துக்கு இவ்வனுபவம் புதிதன்று. போர்க்காலத்தில் நீண்ட இடைவெளிக்குப் பின் 1998 ஜனவரியிற் சபை தெரிவு செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே முதல்வராயிருந்த இருவர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். அடுத்த தேர்தல் 2009 ஓகஸ்டிலேயே நடைபெற்றது.

சபை இல்லாத காலத்திலும் குப்பை அகற்றப்பட்டது, வரி வசூலிக்கப்பட்டது, நூலகம் திறந்திருந்தது. அப்படியானால் உறுப்பினர்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். விடை இதுதான். எந்த ஒழுங்கைக்கு முதலில் விளக்கு, எந்தக் கட்டணத்தை உயர்த்துவது என்பன தொழில்நுட்ப வினாக்கள் அல்ல, தெரிவு செய்யும் வினாக்கள். அதிகாரி தெரிவு செய்தால் அவரை அடுத்த தேர்தலில் மாற்ற இயலாது. வட்டார உறுப்பினரை மாற்றலாம்.

தேர்தலுக்கு இடையிலும் குடிமக்களுக்கு வழிகள் உள்ளன. கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கின்றார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் ஒழுங்கைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். தகவல் வழங்கப்படுமா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும்.

பயிற்சி

கீழ்வரும் நிலைமையை வாசித்து விடை எழுதுக. மாநகர எல்லைக்குள் வசிக்கும் ஒருவரின் வீட்டின் முன்னுள்ள ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை. ஒழுங்கை சேரும் பிரதான வீதி ஏ தர வீதி. அதிற் குழி உள்ளது. அயலவர் அனுமதியின்றி மலக்குழி அமைக்கின்றார். இவரது ஆதன வரி அறிவித்தலில் ஆண்டுப் பெறுமதி 36,000 ரூபா, வரி 8 வீதம் எனக் காணப்படுகின்றது. இவர் எந்த விடயத்துக்கு எந்த நிறுவனத்தை அல்லது உத்தியோகத்தரை நாடவேண்டும்? ஜனவரி 20 ஆம் திகதி முழு வரியையும் செலுத்தின் எவ்வளவு செலுத்துவார்? (விடையின் இறுதிப் பகுதி 2,592 ரூபா. வேறு தொகை வந்தால் கழிவை மீண்டும் கணித்துப் பார்க்க.)